பக்கத்தில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடப் பொருட்களைப் பத்திரமாக வைக்கும் முறை

2013 ஜூலை 16. பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்தில் உள்ள கண்டாமன் என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்கள். 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வக முடிவு காட்டியது. முன்பு பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருந்திருக்கிறார்கள் என்று விசாரணை செய்தவர்கள் சொன்னார்கள். பள்ளியின் தலைமையாசிரியைக்கு 2016-இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

எண்ணெயும் சரி, பூச்சிமருந்தும் சரி, கிராமத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் பொருட்கள்தான். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வந்ததுதான் உயிர்களைக் குடித்தது. பள்ளிக்கூடங்களில் நடக்கும் விபத்துகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் இதே கதைதான் கிடைக்கும். பொருள் புதிதாக இருக்காது. அது இருந்த இடம் தப்பாக இருக்கும்.

அதனால் பள்ளியில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். இதன் பெயர் வெளியே தெரிகிறதா? இதன் பக்கத்தில் என்ன இருக்கிறது? இது யார் கைக்கு எட்டும்? எத்தனை காலமாக இங்கே இருக்கிறது? வேதியியல் படித்தவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. தலைமையாசிரியர், தூய்மைப் பணியாளர், பெற்றோர் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

பெயர் தெரிகிறதா?

அடர் கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், ஸ்பிரிட், காய்ச்சி வடித்த நீர் ஆகிய ஐந்தையும் ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வரிசையாக வைத்தால் கண்ணுக்கு எல்லாமே தண்ணீர்தான். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பது அதைவிட மோசம். பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்றுதான் வித்தியாசத்தைச் சொல்லும்.

சீட்டில் நான்கு விவரங்கள் வேண்டும்: பொருளின் முழுப் பெயர், அதன் செறிவு, வாங்கிய அல்லது தயாரித்த தேதி, என்ன ஆபத்து என்பது. வெறும் வேதிக் குறியீடு மட்டும் எழுதிய சீட்டு ஆசிரியருக்குப் புரியும்; தரை துடைக்க வருபவருக்குப் புரியாது. அமிலப் புகை பட்டு சீட்டு மஞ்சளாகி உதிர்ந்துவிடும் என்பதால் அதன்மேல் ஒளிபுகும் செலோ டேப் ஒட்டிவிடுவது நல்லது. எழுத்து அழிந்துபோன பாட்டிலை, "இது அதுவாகத்தான் இருக்கும்" என்று ஊகித்துப் பயன்படுத்தக் கூடாது. தனியே எடுத்து வைத்து, கழிவாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் புட்டிகளில் சிவப்பு விளிம்போடு, முனையில் நிற்கும் சதுரக் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான குறிகள் அவை, மொத்தம் 9. தீச்சுடர் என்றால் தீப்பற்றக்கூடியது. வட்டத்தின் மேல் தீச்சுடர் என்றால் மற்றவற்றை வேகமாக எரியவைக்கும் ஆக்சிஜனேற்றி. மண்டையோடு என்றால் உடனே கொல்லும் நஞ்சு. கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டினால் அரிக்கும் பொருள். மனித மார்பில் நட்சத்திரம் போன்ற குறி இருந்தால், நாளாவட்டத்தில் உடலைக் கெடுப்பது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இவற்றை ஒரே பாடவேளையில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆய்வகத்தைவிடக் கழிப்பறைப் பக்கம்தான் பெயரில்லாத பாட்டில்கள் அதிகம். சில்லறையாக வாங்கிய ஆசிட்டும் பினாயிலும் பழைய குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ நிற்கும். அதே வடிவப் பாட்டிலைத்தான் ஒவ்வொரு பிள்ளையும் பையில் வைத்திருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் ஆறு வயதுக் குழந்தை பாட்டிலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதை யோசிக்காது. உணவோ குடிநீரோ இருந்த பாத்திரத்தில் ரசாயனம் வைக்கக் கூடாது. ரசாயனம் இருந்ததை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு எடுக்கக் கூடாது. கண்டாமன் பள்ளிக்கு இந்த ஒரு விதி போதுமாக இருந்திருக்கும்.

பக்கத்தில் யார்?

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே படகில் ஆற்றைக் கடத்தும் விடுகதை நமக்குத் தெரியும். எதை எதோடு தனியே விடக் கூடாது என்பதுதான் அதன் முடிச்சு. ரசாயன அலமாரியும் அப்படித்தான்.

பல ஆய்வகங்களில் புட்டிகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். தேட வசதி, பார்க்கவும் ஒழுங்கு. ஆனால் அந்த வரிசையில் அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பக்கத்தில் அனிலின் வந்து உட்காரும். முன்னது பிறவற்றை எரியத் தூண்டும் பொருள். பின்னது எரியக்கூடிய, நச்சுத் தன்மையுள்ள திரவம். அகரவரிசைக்கு வேதியியல் தெரியாது.

முதலில் குணத்தால் பிரிக்க வேண்டும். அமிலங்கள் ஒரு பக்கம், காரங்கள் ஒரு பக்கம், தீப்பற்றும் திரவங்கள் ஒரு பக்கம், ஆக்சிஜனேற்றிகள் ஒரு பக்கம், நச்சு உப்புகள் பூட்டிய பெட்டியில். நைட்ரிக் அமிலத்துக்கு மட்டும் தனி இடம் வேண்டும். அது அமிலமாகவும் ஆக்சிஜனேற்றியாகவும் இரண்டு வேலை பார்ப்பதால் அசிட்டிக் அமிலம், ஸ்பிரிட், அசிட்டோன் போன்ற கரிமப் பொருட்களோடு சேர்ந்தால் கொதித்துச் சீறும், தீப்பிடிக்கவும் செய்யும். இப்படிப் பிரித்த பிறகு ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அகரவரிசை வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் சாதாரணமாக இருக்கும் சில ஆபத்தான அண்டைகளைப் பார்ப்போம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளின் மேல் கிளிசரின் சொட்டினால், தீக்குச்சி உரசாமலே சற்று நேரத்தில் தீப்பற்றும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் அருகருகே இருந்தால் மூடி வழியே கசியும் ஆவிகள் காற்றில் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகி எல்லாப் புட்டிகள் மேலும் வெள்ளைப் படலமாகப் படியும். அலமாரியில் அந்த வெள்ளையைப் பார்த்தால் மூடிகள் சரியில்லை, இடமும் சரியில்லை என்று அர்த்தம். சோடியம் உலோகம் மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும் என்பதால் அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். சோடியத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கக்கூடியது கழிப்பறைக் கலவை. ப்ளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் ஒன்றாகப் பட்டால் குளோரின் வாயு வரும். "இரண்டையும் சேர்த்துப் போட்டால் நன்றாக வெளுக்கும்" என்ற நம்பிக்கையில் தெரிந்தே கலப்பவர்களும் உண்டு. குளோரின் காற்றைவிடக் கனமானது. மூடிய சின்ன அறையில் கீழேயே தங்கி நுரையீரலைத் தாக்கும். இரண்டையும் ஒரே வாளியில் வைத்து எடுத்துச் செல்லக் கூடாது. ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. இதைத் தூய்மைப் பணியாளருக்குச் சொல்லிக் கொடுப்பதும், கையுறை வாங்கித் தருவதும் பள்ளியின் கடமை.

தனித்தனி அலமாரிக்கு இடமும் பணமும் இல்லாத பள்ளிகள் என்ன செய்வது? உயரமான விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டுகள் போதும். ஒரு குழுவுக்கு ஒரு தட்டு. தட்டில் உள்ள மிகப் பெரிய புட்டி உடைந்தாலும் அதன் திரவம் முழுவதையும் தட்டு தாங்க வேண்டும். அப்படி இருந்தால் ஒன்று கசிந்தாலும் அடுத்த குழுவைப் போய்த் தொடாது.

யார் கைக்கு எட்டும்?

அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு கனமானது. இரண்டரை லிட்டர் புட்டியில் அமிலம் மட்டுமே 4.6 கிலோ, கண்ணாடியின் எடை தனி. அதைத் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்தால், நாற்காலி போட்டு ஏறி எடுக்கும்போது கை வழுக்கினால் முகத்தில்தான் விழும். திரவம் எதுவானாலும் அங்கே வேலை செய்யும் ஆகக் குள்ளமானவரின் கண் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கனமானது அடித்தட்டில், இலேசானது மேலே. தரையில் நேராக வைத்தால் கால் பட்டு உருளும். ஆகவே அடியில் வைப்பதற்கும் ஒரு தட்டு வேண்டும். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் விரற்கடை உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்துவிட்டால் புட்டி நகர்ந்து விழாது.

இரும்பு பீரோவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைப்பதில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல் உண்டு. கசியும் ஆவி தட்டைத் தாங்கும் கொக்கிகளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் தட்டே சரிந்துவிடும். அமிலத்துக்கு மர அலமாரியோ பிளாஸ்டிக் தட்டோ மேல். சோடியம் ஹைட்ராக்சைடைக் கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைத்தால் மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புட்டி சரி. வெளிச்சம் பட்டால் சிதையும் வெள்ளி நைட்ரேட்டுக்குப் பழுப்பு நிறப் புட்டி.

தீப்பற்றும் திரவங்கள் விஷயத்தில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு திரவத்தின் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பொறியைப் பிடித்துக்கொள்ளுமோ அதை மின்னல்நிலை வெப்பம் என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு அது சுமார் 38 டிகிரி அல்லது அதற்கு மேல். எத்தனாலுக்கு 13 டிகிரி அளவில். அசிட்டோனுக்கு பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரி. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ ஸ்பிரிட் பாட்டிலின் மூடி திறந்திருந்தால் வருடம் முழுக்க அது தீப்பிடிக்கத் தயார். கொரோனா காலத்தில் வாங்கி மீந்த சானிடைசர் கேன்களுக்கும் இதே கணக்குதான். அவற்றிலும் பெரும்பகுதி ஆல்கஹால். பெயின்ட் தின்னரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஈதர் போன்றவற்றை வைப்பதும் தவறு. உள்ளே இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்சில் பொறி வரும், அந்த மூடிய இடத்தில் ஆவி சேர்ந்திருக்கும்.

ஆய்வகப் பொருள் அறைக்குப் பூட்டு அவசியம். சாவி யாரிடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளிகளில் மாணவரிடம் சாவியைக் கொடுத்து, "போய் ஆசிட் எடுத்து வா" என்று அனுப்புவது வழக்கமாகிவிடுகிறது. அங்கேயே எல்லாப் பாதுகாப்பும் முடிந்துபோகிறது.

எத்தனை காலமாக?

சில பொருட்கள் வயதாக ஆகத் தங்கள் குணத்தை மாற்றிக்கொள்ளும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும், காய்ந்தால் வெடிபொருள். ஈதர் காற்றுப் பட்டு நாளானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உருவாக்கும். ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் கரைசலை மீத்து வைத்தால் அதில் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உண்டாகும். தேவைக்குத் தயாரித்து அன்றைக்கே அழிக்க வேண்டும்.

மேல்நிலை வகுப்பில் கரிமச் சேர்மங்களைச் சோதிக்கும்போது பயன்படுத்தும் ஆரஞ்சு நிறப் பொடி 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன். இதுவும் காய்ந்தால் வெடிக்கும் அபாயம் உள்ளது. 2016-இல் பிரிட்டனில் இதைக் குறித்த எச்சரிக்கை வந்ததும் பள்ளிகள் தங்கள் அலமாரிகளைத் திறந்து பார்த்தன. பல பள்ளிகளுக்கு வெடிகுண்டு அகற்றும் ராணுவக் குழுக்கள் வந்து, பழைய புட்டிகளை மைதானத்துக்கு எடுத்துப்போய் வெடிக்கச் செய்து அழித்தன. யாரும் தவறாக எதையும் வாங்கவில்லை. வாங்கியதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட புட்டியில் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் திறக்கவோ குலுக்கவோ கூடாது. அப்படியே விட்டு, அறையைப் பூட்டி, தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

உயிரியல் ஆய்வகத்தில் தவளையும் பாம்பும் மிதக்கும் ஜாடிகளில் இருப்பது ஃபார்மலின். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூடி உடைந்து நெடி வரும் ஜாடிகளை வகுப்பறையில் காட்சிக்கு வைக்க வேண்டியதில்லை. இயற்பியல் பக்கம் பாதரசம். அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி மூளையையும் நரம்பையும் பாதிக்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. உருண்டைகள் இன்னும் சிறிதாகச் சிதறி ஆவி அதிகமாகும். சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, தடித்த தாளால் உருட்டிச் சேர்த்து மூடிய புட்டியில் போட வேண்டும். புதிதாக வாங்குவது ஆல்கஹால் வெப்பமானியாக இருக்கட்டும்.

மிச்சம் சேர்வதற்கு மூல காரணம் வாங்கும் முறை. மலிவாகக் கிடைக்கிறது என்று அரைக் கிலோ நச்சு உப்பு வாங்கினால், ஆண்டுக்குச் சில கிராம் செலவாகும் பள்ளியில் அது தலைமுறை தாண்டி நிற்கும். ஓராண்டுத் தேவைக்கு மட்டும் வாங்குவதே நல்ல சேமிப்பு. தேவையில்லாததைத் தொட்டியில் கொட்டுவதும் புதைப்பதும் தீர்வல்ல. அபாயகரமான கழிவுகளுக்கென்று 2016-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பட்டியலோடு எழுதினால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாக அகற்ற வழி கிடைக்கும்.

ரசாயனமே இல்லாத வகுப்பறையில்

ஒரு ரீம் ஏ4 தாள் இரண்டு கிலோவுக்கு மேல். பத்து ரீம் கொண்ட பெட்டி இருபது கிலோவைத் தாண்டும். அதை பீரோவின் தலையில் ஏற்றி வைத்து, கீழே முதல் பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். பீரோவைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். மேலே எதுவும் வைக்கக் கூடாது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விலையில்லாப் பாடநூல், நோட்டு, மிதிவண்டி என்று மொத்தமாக வந்து இறங்கும் காலத்தில் அவற்றுக்கென்று தனி அறை பெரும்பாலும் இருக்காது. வகுப்பறையின் பின்பக்கமும் வராந்தாவும்தான் கிடங்கு. இதில் பார்க்க வேண்டியவை மூன்று: மின்பலகைக்குக் கீழே காகிதக் கட்டு இல்லை, வாசலும் படியும் அடைபடவில்லை, அடுக்கு பிள்ளையின் நெஞ்சுயரத்தைத் தாண்டவில்லை. மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளைக் குவிப்பது எல்லா ஊரிலும் உண்டு. தீ வந்தால் தப்பிக்கும் ஒரே வழியின் அடியில் விறகு அடுக்குவதுதான் அது.

குவியலில் எலி சேரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். 2019-இல் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைத் தரையில் இருந்த பொந்திலிருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்தார். பொந்தை அடைப்பதும் ஓட்டை உடைசலை அப்புறப்படுத்துவதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

விளையாட்டு அறையில் ஈட்டிகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் கிடையாகக் கொக்கியில் மாட்டிப் பூட்ட வேண்டும். எறிகுண்டுகள் தரை மட்டப் பெட்டியில். ஸ்மார்ட் வகுப்புக்கான இன்வெர்ட்டர் பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அதைக் காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகள் கை படாமல் வைக்க வேண்டும். புத்தக அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது.

சமையல் கூடமும் சட்டமும்

ஜூலை 16 என்ற தேதி தமிழகத்துக்கும் மறக்க முடியாதது. 2004-இல் அதே நாளில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி, வகுப்பறையில் இருந்த 94 குழந்தைகளைக் கொன்றது. அந்தத் துயரத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எரியும் பொருளும் நச்சுப் பொருளும் பள்ளிக் கட்டடத்தில் இருக்கக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பாதுகாப்பாக வைக்க வேண்டும், நெருப்புப் புழங்கும் சமையல் வேலை முதன்மைக் கட்டடத்திலிருந்து விலகி நடக்க வேண்டும் என்ற தரநிலைகள் அதில் உள்ளன.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். சன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, தரையை ஒட்டிய காற்றுத் துளைகளும் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மாற்றுச் சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அரிசி, பருப்பு வைக்கும் அறையில் எலிமருந்து, எறும்புப்பொடி, பினாயில் எதுவும் நுழையக் கூடாது.

கண்டாமன் துயரம் நடந்து இரண்டே நாளில், 2013 ஜூலை 18 அன்று, அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னோர் உத்தரவு போட்டது. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள் பயன்பாட்டுப் பதிவேடு வைத்து அதைக் கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அமிலத்துக்கு ஒருவர் பொறுப்பாக வேண்டும். ஆய்வகத்தைவிட்டு வெளியேறுபவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இந்த மூன்றையும் எத்தனை பள்ளிகள் செய்கின்றன என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதில் தவறில்லை.

ஏதாவது நடந்துவிட்டால்

அமிலமோ காரமோ கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. அமிலத்துக்கு மாற்றாகக் காரத்தை ஊற்றக் கூடாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உணவுக் குழாய் இரண்டாம் முறையும் வெந்துவிடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். சோடியம் எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மணல் போட வேண்டும். மணல் வாளி மழையில் நனைந்திருந்தால் அது பயன்படாது. இந்த ஐந்தாறு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஆய்வகக் கதவின் உட்புறம் ஒட்டலாம்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஆண்டில் இரண்டு நாள் போதும். செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஒருநாள்: மீந்த கரைசல்களை மே மாத வெயிலுக்கு விட்டுவைக்காமல் கணக்குப் பார்த்து அகற்ற. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒருநாள்: இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்க. வேதியியல் ஆசிரியரோடு தூய்மைப் பணியாளரும் சத்துணவு அமைப்பாளரும் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோரும் கூட நடக்கட்டும். ஆசிரியருக்குப் புட்டியின் குணம் தெரியும். எந்த மூலையில் எந்தப் பாட்டில் ஒளிந்திருக்கிறது என்பது கூட்டிப் பெருக்குபவருக்குத்தான் தெரியும்.